ஆளுக்கொரு ஆட்சேபம்

மேல் முகாம்
ஏப்ரல் 22

வார்டம்மாவுக்கு,

பதினோரு வாரம் கழித்து எழுதுகிறேன். நீயும்தான் எழுதவில்லை, ஆகவே பழியை என் தலையில் மட்டும் போடாதே. ஒன்பதாம் தேதியிலிருந்து இங்கே தொலைபேசி இல்லை. ராணுவ வயர்லெஸ்ஸில் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தொடர முடியாது. வாரம் இருமுறை மலையிறங்கிப் போகும் தபால் சிப்பாயை நம்பித்தான் இந்தக் கடிதம் வருகிறது.

ஒன்பதாம் தேதி நடந்ததைக் கேள்விப்பட்டிருப்பாய். முகாமில் பாதிப் பேரை லாரிகளில் இறக்கும்போது பதினான்காவது கிலோமீட்டரில் இருக்கும் சிறுபாலம் உள்வாங்கிவிட்டது. இரண்டு லாரிகள் தாண்டிவிட்டன. ஜெனரேட்டர் ஏற்றிய மூன்றாவது லாரி சரிந்தது. வயர்லெஸ் பார்க்கும் ஒருவன் இறந்துபோனான். ஓட்டுநருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அவன் உன் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்திருக்கிறான் என்றார்கள். உன்னிடம் நடைபழக வருவான். எப்படி இருக்கிறான் என்று எழுது, கொஞ்சம் தைரியமும் சொல்.

இன்னும் நூற்றுப் பதினெட்டுப் பேர் மேலே இருக்கிறோம். ஜூன் முதல் வாரத்தில் மழை பிடித்துவிடும், அதற்குள் இறங்கியாக வேண்டும். திட்டம் தயார். அதே பாதைதான், பாலத்தின்மேல் இரும்புப் பலகை போட்டாயிற்று. என் அதிகாரிகள் ஆறு பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். எனக்குத்தான் சோறு தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. வயசாகிவிட்டது போலிருக்கிறது.

விபத்தைப் பற்றிய முதல் அறிக்கையை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டேன். ஓட்டுநர் பாலத்தில் வேகத்தைக் குறைக்கத் தவறியதாகத் தெரிகிறது. அவனிடம் இதை இப்போது சொல்ல வேண்டாம்.

உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?


ஏப்ரல் 28

மலைமேல் இருப்பவருக்கு,

அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "உன் வீட்டுக்காரர் மலையவிட்டு எறங்குவாரா, இல்ல மலைதான் எறங்கி வரணுமா?" என்று கேட்டார்.

உங்கள் ஓட்டுநர் பத்து நாளாக என் வார்டில் இருக்கிறார். இரண்டு கம்பிகளைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கப் பழகுகிறார். நான்கு நிமிஷத்தில் சட்டை நனைந்துவிடும். இவருக்கு உங்கள் முகாமில் என்ன பட்டப்பெயர் என்று தெரியுமா? தெரிந்திருக்காது. மூணாம் கியர். மலைப்பாதையில் பன்னிரண்டு வருஷமாக மூன்றாவது கியரைத் தாண்டாதவர் என்று உங்கள் முகாமிலிருந்து வந்த பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிச் சிரித்தார். பின்னால் வரும் வண்டிக்காரர்கள் இவரைத் திட்டாத நாளே இல்லையாம். இந்த மனுஷர் வேகமாகப் போனார் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது?

நேற்று பயிற்சி முடிந்து உட்கார்ந்திருந்தபோது அவராகவே சொன்னார். "அந்தப் பாலம் தாங்காதுன்னு எனக்குத் தெரியும்மா. ரேடியேட்டருக்குத் தண்ணி பிடிக்க நாங்க எல்லாம் அங்கதான் எறங்குவோம். ரெண்டு வாரமா அடியில தண்ணி போற சத்தமே மாறிப்போச்சு. மண்ணு கரையுற சத்தம். எல்லா டிரைவருக்கும் தெரியும்." சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு பேரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்களாம். அந்த ஆறு மீசைகளையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரே பயிற்சிக் கல்லூரி, ஒரே நாவிதர். அவர்களில் ஒருவராவது அந்தப் பாலத்தடியில் இறங்கி ஒரு வாளி தண்ணீர் பிடித்திருக்கிறாரா? ஆறு பேரிடம் கேட்டேன் என்கிறீர்கள். நீங்கள் ஒரே ஆளை ஆறு தடவை கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குக் களைப்பாக இருக்கிறது. உங்களோடு சண்டை போடக்கூட முன்போல் தெம்பில்லை.


மேல் முகாம்
மே 3

வார்டம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்கக் கோபமாக இருந்தேன். மறுநாள் கோபம் போய்விட்டது, அசதி மட்டும் நின்றது.

நீ நினைப்பதுபோல் நான் யாரையும் அதட்டி வாயை மூடுகிறவன் இல்லை. கூட்டம் போடுகிறேன். வரைபடத்தில் என் திட்டத்தைச் சிவப்பு மையில் வரைந்து காட்டுகிறேன். "யாருக்காவது வேறு கருத்து உண்டா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறேன். ஒருவரும் பேசாவிட்டால் நான் என்ன செய்ய முடியும்?

இதை எழுதிவிட்டுப் பழைய கூட்டக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பதாம் தேதிப் பயணத்துக்கான கூட்டம் ஏழாம் தேதி பதினோரு மணிக்கு. குறிப்பு தட்டச்சான நேரம் காலை எட்டரை என்று மூலையில் இருக்கிறது. "அனைவரும் ஏற்றனர்" என்று கடைசி வரி. எழுத்தரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "எப்பவுமே காலைல அடிச்சு வெச்சிருவேன் சார். கூட்டம் முடிஞ்சதும் கையெழுத்து வாங்க வசதியா இருக்கும்" என்றார். நான்தான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு அப்படிச் சொல்லிக்கொடுத்தேனாம். நல்ல ஏற்பாடு என்று பாராட்டினேனாம். எனக்கு நினைவே இல்லை.

சரி, கேட்கத் தெரியாதவன் என்கிறாய். இன்று உத்தரவு போட்டுவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், இறங்கும் திட்டத்தின்மீது ஒவ்வோர் அதிகாரியும் ஆளுக்கொரு ஆட்சேபத்தை எழுத்தில் தர வேண்டும். தராதவர்மீது நடவடிக்கை. இப்போது திருப்தியா?


மே 7

ஆட்சேபங்களின் அதிபதிக்கு,

படித்ததும் சத்தமாகச் சிரித்துவிட்டேன், வார்டே திரும்பிப் பார்த்தது. மாறுபட்டுப் பேசாதவர்மீது நடவடிக்கை எடுக்கும் ஒரே தளபதி நீங்கள்தான்.

வெள்ளிக்கிழமை என்ன வந்தது என்று மறக்காமல் எழுதுங்கள். இங்கே பொழுது போகவில்லை.

ஒன்றை மட்டும் நிதானமாகச் சொல்கிறேன். இந்த முகாம் பதவியை ஏற்றுக்கொண்டதை என்னிடம் எப்போது சொன்னீர்கள்? சாமான் கட்ட அட்டைப் பெட்டிகள் கூடத்துக்கு வந்த பிறகு. "நீ என்ன சொல்றே?" என்றும் கேட்டீர்கள். எனக்கு வார்டுப் பொறுப்பு கிடைத்து ஒன்பதே நாள் ஆகியிருந்தது. நான் என்ன சொல்லியிருந்தாலும் பெட்டி திரும்பிப் போயிருக்காது. கேட்கும்போதே பதில் உங்கள் சட்டைப் பையில் இருந்தது. அதனால்தான் அன்று நான் வாயே திறக்கவில்லை. நான் சம்மதித்ததாகத்தானே உங்கள் அக்காவிடம் சொன்னீர்கள்?


மேல் முகாம்
மே 11

வார்டம்மாவுக்கு,

உன் கடைசிப் பத்தியைப் படித்தேன். அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன்.

வெள்ளிக்கிழமைக் கதை இது. ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஆறு உறைகள் வந்தன. ஒரே அளவுத் தாள், ஒரே ஓரம் விட்டிருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் என் துணைத் தளபதி "பார்த்தேன், அனுப்பலாம்" என்று சுருக்கொப்பம் போட்டிருந்தார். ஆட்சேபங்களை ஒழுங்குபடுத்த அவர் தலைமையில் ஒரு கூட்டம் நடந்ததாம்.

முதல் ஆட்சேபம்: தளபதி போதிய ஓய்வு எடுப்பதில்லை. இரண்டாவது: தளபதி முன்வரிசை வண்டியில் செல்வது அவருடைய உயிருக்கு ஆபத்து. மூன்றாவது: திட்டம் சிறப்பானது, ஆனால் இன்னும் முன்பே தீட்டப்பட்டிருக்கலாம். நான்காவது, இரண்டாவதை வழிமொழிந்தது. மிச்சத்தை நீயே ஊகித்துக்கொள்.

வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு பேரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டிக்காரர்கள், எனக்காக உயிரைக் கொடுப்பார்கள். ஆனால் என்னிடம் ஒரு உண்மையைக் கொடுக்க மாட்டார்கள். இருபத்தெட்டு வருஷ வேலையில் நான் சம்பாதித்தது இதுதானா என்று தோன்றுகிறது. நானும் என் மேலதிகாரிகளிடம் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

நூற்றுப் பதினெட்டுப் பேர் இருக்கிறார்கள். மூன்று வாரம்தான் மிச்சம். என்ன செய்யட்டும்? இதை உண்மையாகவே கேட்கிறேன்.


மே 15

உங்களுக்கு,

உண்மையாகவே கேட்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவை. ஆகவே கேலி பண்ணாமல் பதில் எழுதுகிறேன்.

எங்கள் பெரிய டாக்டர் காலையில் கட்டில் கட்டிலாகப் போய் "வலி எப்படி?" என்று கேட்பார். எல்லோரும் "இல்ல டாக்டர்" என்பார்கள். அவர் போனதும் தரை துடைக்கும் அம்மாவிடம் முனகுவார்கள். யார் பயிற்சி செய்யாமல் ஏமாற்றுகிறார், யார் மாத்திரையைத் தலையணைக்குள் வைக்கிறார், எல்லாம் அந்த அம்மாவுக்குத்தான் தெரியும். போன வருஷத்திலிருந்து நான் வாரா வாரம் அவரையும் சமையல்கட்டுக்காரரையும் உட்கார வைத்து, டாக்டர் இல்லாத அறையில் பேசுகிறேன். முதல் இரண்டு வாரம் அவர்களும் "எல்லாம் நல்லாருக்கும்மா" என்றுதான் சொன்னார்கள்.

உங்களுக்குச் சொல்ல எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான். உங்கள் சிவப்புக் கோட்டை அழித்துவிடுங்கள். வெறும் வரைபடத்தைச் சாப்பாட்டுக் கூடத்தில் மாட்டுங்கள். ஓட்டுநர்கள், தண்ணீர் பம்ப் பார்ப்பவர், நர்ஸ், சமையல்காரர், தபால் சிப்பாய் எல்லோரையும் அந்த ஆறு பேரோடு கலந்து உட்கார வையுங்கள். பிறகு நீங்கள் அங்கே இருக்காதீர்கள். கதவுக்குப் பின்னாலும் நிற்காதீர்கள், உங்கள் செருமல் எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்று. விசாரணை அதிகாரி ஜூன் பன்னிரண்டாம் தேதி உட்காருகிறாராம். உங்கள் முதல் அறிக்கை அப்படியே நின்றால் மூணாம் கியரை ஒழுங்கு நடவடிக்கையில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். காலையும் கொடுத்து, கெட்ட பெயரையும் வாங்கிக்கொண்டு. அவருக்கு இது தெரிந்துவிட்டது. மூன்று நாளாகக் கம்பியைப் பிடிக்க வரவில்லை.


மேல் முகாம்
மே 23

வார்டம்மாவுக்கு,

வரைபடத்தை மாட்டினேன். முதல் நாள் மாலை போய்ப் பார்த்தால் ஒரு பென்சில் புள்ளிகூட இல்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் யாரோ ஓர் ஓடையின் இடத்தை அடித்துத் திருத்தியிருந்தார்கள். எங்கள் வரைபடத்தில் அது அரை கிலோமீட்டர் தள்ளி இருந்ததாம். அதைத் திருத்தியவர் பம்ப்காரர். நான்கு வருஷமாக அவர் தினமும் அந்த ஓடைக்குப் போகிறார், நாங்கள் தவறான வரைபடத்தை வைத்துத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தோம்.

அதன்பிறகு மடை திறந்துவிட்டது. ஓட்டுநர்கள் எல்லோரும் பாலத்தில் ஒரே இடத்தைக் குறித்தார்கள். என் இரும்புப் பலகை இருக்கிற இடமே சரியில்லையாம், மண் கரைவது அடுத்த பக்கத்தில். தபால் சிப்பாய் தான் இறங்கும் ஒற்றையடிப் பாதையை வரைந்தார். நர்ஸ், காய்ச்சலில் இருக்கும் ஒன்பது பேரை அந்தப் பாதையில் எப்படித் தூக்குவது என்று கேட்டு எல்லோர் வாயையும் அடைத்தார். அதற்கு இரண்டு நாள் தகராறு. கடைசியில் சமையல்காரர், பெரிய அண்டாவைத் தூக்கும் தோள்கம்பு முறையைக் காட்டினார்.

முடிவு இதுதான். வண்டிகளே வேண்டாம். கனமான தளவாடத்தை மேலேயே விட்டுவிட்டு, பத்துப் பத்துப் பேராக நடந்து இறங்குவது.

இதற்குத் துணைத் தளபதி கொதித்துப் போனார். கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தார். "தளவாடத்த விட்டுட்டு எறங்கினா நம்ம படைப்பிரிவு பேரே போயிரும் சார். உங்க பதவியும் போயிரும். இது தப்பு. நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார். எனக்கு என்னவோ அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. உட்காரச் சொல்லி ஒரு மணி நேரம் கேட்டேன். அவர் சொன்னதில் பாதி சரி. மேலே விடும் ஜெனரேட்டர்களைப் பிறர் பயன்படுத்தாதபடி பாகங்களைக் கழற்றி எடுத்துவர ஒப்புக்கொண்டேன். பதவி விஷயத்திலும் அவர் சொன்னது சரிதான், ஆனாலும் நடந்தே இறங்குகிறோம். ஜூன் முதல் தேதி.

இத்தோடு என் புதிய அறிக்கையின் நகலை வைத்திருக்கிறேன். ஓட்டுநர் பாலத்தைப் பற்றி முன்கூட்டியே எச்சரித்தார் என்றும், நான் அதைப் பொருட்படுத்தவில்லை என்றும், தவறு முழுவதும் என்னுடையது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அவரிடம் படித்துக் காட்டு. அவர் மனம் ஆறும். எனக்கும் பாரம் இறங்கியதுபோல் இருக்கிறது.


மே 28

உங்களுக்கு,

படித்துக் காட்டினேன். ஆறவில்லை. நான் இதுவரை அவர் குரல் உயர்ந்து கேட்டதில்லை, நேற்று கேட்டேன்.

"நான் எப்பம்மா சொன்னேன்? யாருகிட்ட சொன்னேன்? நான் ஒண்ணுமே சொல்லலியே. அன்னிக்கி என்னைக் கேக்காம வேகமா போனேன்னு எழுதினாரு. இன்னிக்கி என்னைக் கேக்காம எச்சரிச்சேன்னு எழுதறாரு. ரெண்டுமே அவரு எழுதினதுதானே. நான் எங்கம்மா இருக்கேன் இதுல?"

நானும்தான் அவர் யாரிடமோ சொல்லியிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது "எனக்குத் தெரியும்" என்று மட்டும்தான். மிச்சத்தை நீங்களும் நானும் சேர்த்துக்கொண்டோம். ஆகவே இந்தத் தடவை உங்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன்.

அந்த அறிக்கை அவரைக் காப்பாற்றும், எனக்குத் தெரியும். உங்களுக்கும் அழகாகத்தான் இருக்கும், பழியைத் தலையில் ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை. ஆனால் அவருக்கு அது வேண்டாமாம். ஏன் என்று சொல்ல மறுக்கிறார். நான் கேட்டால் சொல்ல மாட்டார். நீங்கள் கேளுங்கள்.


மேல் முகாம்
மே 31

வார்டம்மாவுக்கு,

நாளைக் காலை இறங்குகிறோம். மூட்டை கட்டும் சத்தத்துக்கு நடுவே எழுதுகிறேன். புதிய அறிக்கையைத் திரும்பப் பெறுவதாக வயர்லெஸ்ஸில் சொல்லிவிட்டேன். பழையதையும் சேர்த்துத்தான். மேலிடத்தில் எனக்குப் புத்தி பிசகிவிட்டதோ என்று கேட்டிருப்பார்கள்.

அவருக்கு எழுத மூன்று தாளைக் கிழித்தேன். ஒன்றில் மன்னிப்பு அதிகம், இன்னொன்றில் விளக்கம் அதிகம். கடைசியில் இந்த வரிதான் மிஞ்சியது. அவரிடம் கொடுத்துவிடு.

"ஐயா, ஒன்பதாம் தேதி என்ன நடந்தது? நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படியே வைப்பேன். எதுவும் சொல்ல விருப்பமில்லை என்றால் அதையும் அப்படியே வைப்பேன்."


ஜூன் 6

உங்களுக்கு,

நூற்றுப் பதினெட்டுப் பேரும் இறங்கிவிட்டீர்கள் என்று இங்கே செய்தி வந்தது. காய்ச்சல்காரர்கள் ஒன்பது பேரும் நம் ஆஸ்பத்திரியில்தான். மூன்றாம் தேதி பெய்த மழையில் அந்தச் சிறுபாலம் இரும்புப் பலகையோடு அடித்துக்கொண்டு போனதையும் சொன்னார்கள். அம்மா விபூதி பூசாத குறையாக உங்கள் படத்தைத் துடைத்து வைத்தார். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். எழுதிவிட்டேன், இனி இதைப் பற்றிப் பேச வேண்டாம்.

உங்கள் வரியை அவரிடம் கொடுத்தேன். மூன்று தடவை படித்தார். ஒரு நாள் விட்டு என்னைக் கூப்பிட்டு எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை.

"நான் யாரையும் எச்சரிக்கல. பாலம் தாங்காதுன்னு தெரியும். ஆபீசருங்க கேக்கல, நானும் போய் சொல்லல. சொன்னா, வண்டி ஓட்டப் பயப்படறான்னு நெனப்பாங்கன்னு இருந்துச்சு. ஏற்கெனவே மூணாம் கியர்னு பேரு. ஆனா பக்கத்துல உக்காந்திருந்த வயர்லெஸ்காரன்கிட்ட மட்டும் சொன்னேன். பாலத்துக்கு நூறு அடி முன்னால, தம்பி, இது தாங்காதுடா, நீ எறங்கி நடந்து வாடான்னேன். அவன் சிரிச்சான். பெரியவங்களுக்குத் தெரியாமலா இருக்கும் அண்ணேன்னான். எனக்கும் அது சரின்னு பட்டுச்சு. வண்டிய விட்டேன். இதுதான் நடந்துச்சு. நான் எச்சரிச்சேன்னு எழுதினா, அவன் சொன்னது யாருக்கும் தெரியாமப் போயிரும்."


கீழ் முகாம்
ஜூன் 14

வார்டம்மாவுக்கு,

விசாரணை முடிந்தது. அவர் சொன்னதை நானே எழுந்து படித்தேன். படிப்பதற்கு முன் துணைத் தளபதி என்னிடம் வந்து, அந்த வயர்லெஸ்காரர் சொன்ன வரியை மட்டும் விட்டுவிடலாமே, கேட்க நன்றாக இல்லையே என்றார். விடவில்லை. அந்த வரியையும் சேர்த்து முழுவதும் படித்து முடித்தேன்.

ஓட்டுநர்மீது நடவடிக்கை இல்லை. அவரிடம் சொல். என் பொறுப்பிலிருந்து என்னை விடுவித்துவிட்டார்கள், தளவாடத்துக்காகவும் பாலத்துக்காகவும் சேர்த்து. துணைத் தளபதிதான் இனி பார்ப்பார். விடைபெறும்போது, வரைபடத்தைச் சாப்பாட்டுக் கூடத்திலேயே வைக்கட்டுமா என்று கேட்டார். அது உங்கள் முடிவு என்றேன்.

வியாழக்கிழமை அந்த வயர்லெஸ்காரரின் வீட்டுக்குப் போகிறேன். ரயிலிலிருந்து இறங்கி இரண்டு பஸ் மாற வேண்டும். அப்பா மட்டும் இருக்கிறார், தையல்காரர். உன் ஊர் வழியாகத்தான் ரயில் போகிறது. உனக்கு முடிந்தால் வா, முடியாவிட்டால் அதையும் எழுது. அவருடைய மகன் எங்களை அவ்வளவு நம்பினான் என்பதை அந்த அப்பாவிடம் எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா, எனக்குத் தெரியவில்லை. நான் இன்னும் எதையும் முடிவு செய்யவில்லை.